மரச்செருப்பும் நம்ம காலும்

கலைப்படம் என்றாலே நம் தோழர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, ‘அது மேட்டுக்குடி சமாச்சாரம், சேரிக்கு எதுக்கு?’ என்று தள்ளிவிடும். இன்னொரு கட்சி, ஐரோப்பாக்காரன் எடுத்தான் என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எர்மானோ ஓல்மியின் ‘மரச்செருப்பு மரம்’ படத்தை மாணவர்கள் சிலர் கணினியில் போட்டுப் பார்த்தபோதும் இதே கூத்துதான். பார்த்து முடித்ததும் ஒரு தம்பி எழுந்து, ‘அண்ணே, இது அப்படியே நம்ம கதை’ என்றான். அந்த ‘அப்படியே’தான் எனக்கு உறுத்துகிறது.

படம் 1978இல் வந்தது. அதே வருஷம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. மூணு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்கள். வட இத்தாலியில் பெர்கமோ பக்கத்து நாட்டுப்புறம். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குத்தகைக் குடும்பங்கள். வீடு, தொழுவம், நிலம், மரம் எல்லாம் பண்ணையாருடையது. ஆடுமாட்டிலும் கருவியிலும்கூட அவருக்குப் பங்கு. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவர் களஞ்சியத்துக்குப் போகும். இதைப் படம் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறது. பிறகு அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

பாத்திஸ்தி என்கிற குத்தகைக்காரனின் மகன் மினெக். பையன் சூட்டிகை, பள்ளிக்கூடம் அனுப்பு என்கிறார் பாதிரியார். அப்பனுக்குத் தயக்கம், வயல் வேலைக்கு ஒரு கை குறையுமே. ஆனாலும் அனுப்புகிறான். தூரமான நடை. ஒருநாள் திரும்பி வரும்போது பையனின் மரச்செருப்பு பிளந்து போகிறது. வீட்டிலோ அம்மா அன்றுதான் பிள்ளை பெற்றிருக்கிறாள். அப்பன் யாருக்கும் தெரியாமல் ஓடைக்கரையில் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டு வந்து ராத்திரி உட்கார்ந்து செருப்புச் செதுக்குகிறான். வெட்டுப்பட்ட அடிமரம் பண்ணையார் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான், குடும்பத்தையே வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் படத்தை இத்தாலிய இடதுசாரிகளில் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். ரெண்டு வருஷம் முன்னால், 1976இல், பெர்த்தோலுச்சியின் ‘1900’ செங்கொடியும் எழுச்சியுமாக வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓல்மியின் விவசாயிகள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு தலைகுனிந்து போகிறார்கள். கத்தோலிக்கச் சரணாகதி என்று எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். விதவைத் துணிவெளுப்புக்காரியின் பசு சாகக் கிடக்கிறது, அவள் ஜெபித்து ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறாள், பசு எழுந்து நிற்கிறது. எனக்கும் இந்த இடத்தில் எரிச்சல் வந்தது. ஓல்மி கிறித்தவர், அதை அவர் ஒளிக்கவில்லை.

ஆனால் திருவிழாக் காட்சியைக் கவனியுங்கள். ஒருத்தர் மேடையேறி உரிமை, சமத்துவம் என்று முழங்கிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் நிற்கும் பினார் என்கிற விவசாயி கீழே கிடக்கிற தங்கக்காசைப் பார்த்துவிடுகிறான். அதற்குமேல் அவன் காதில் எதுவுமே விழவில்லை. அந்தக் காசைக் கொண்டுபோய்க் குதிரைக் குளம்பில் ஒளித்துவைக்கிறான், பிறகு தொலைக்கிறான், குதிரையைப் போட்டு அடிக்கிறான். தோழர்கள் இதைப் பார்த்து ‘விவசாயியைக் கேலி செய்கிறார்’ என்கிறார்கள். கேலி மேடைக்காரர் மேல்தான் என்று நான் சொல்வேன். கேட்பவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வானத்தைப் பார்த்துப் பேசினால் இதுதான் நடக்கும். நம் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறோமே.

இன்னொன்று. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று படகேறி மிலான் நகரம் போகிறது. தெருவில் சிப்பாய்கள், கைதிகளைச் சங்கிலி போட்டு இழுத்துப் போகிறார்கள். ஜோடி ஒதுங்கி நின்றுவிட்டு, கன்னியாஸ்திரியாக இருக்கும் அத்தையைப் பார்க்கப் போய்விடுகிறது. நகரத்தில் நடந்தது என்ன? 1898 மே மாதம் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்து மிலான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தளபதி பாவா பெக்காரிஸ் பீரங்கி வைத்துச் சுட்டான். அரசாங்கக் கணக்கிலேயே சுமார் 80 பேர் செத்தார்கள். மன்னன் உம்பர்ட்டோ அந்தத் தளபதிக்குப் பதக்கம் குத்தினான். 1900 ஜூலையில் பிரெஷி என்கிற அராஜகவாதி மன்னனைச் சுட்டுக் கொன்றான். இவ்வளவு பெரிய வரலாறு இந்தப் படத்தில் தெருமுனையில் தெரிகிற கொஞ்ச நேரக் காட்சி. வெட்டப்பட்ட மரத்துக்கும் பீரங்கிக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஜோடிக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். ஓல்மி நம்மிடம் விட்டுவைத்த வேலை அது.

இப்ப ‘அப்படியே நம்ம கதை’க்கு வருவோம். பாத்திஸ்தி வண்டியேறும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வருவதில்லை. உள்ளே இருந்து பார்க்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். ஒரே முற்றம், ஒரே தொழுவம். குளிர்கால ராத்திரிகளில் மாட்டு மூச்சின் கதகதப்பில் ஒன்றாக உட்கார்ந்து அவன் சொன்ன கதையைக் கேட்டவர்கள். நாளைக்குத் தன் குத்தகை போய்விடும் என்கிற பயம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. இது வர்க்கம் செய்கிற வேலை, நமக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அந்த நாலு குடும்பமும் ஒன்றாகப் புழங்குகிறது, ஒரே கோயிலில் மண்டியிடுகிறது. மினெக் பள்ளிக்குப் போகத் தடையாக இருப்பது தூரமும் வறுமையும்தான். அவனை யாரும் தனியாக உட்கார வைக்கப்போவதில்லை. செருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திஸ்தி செய்த குற்றம் பண்ணையார் மரத்தை வெட்டியது. பையன் காலில் செருப்பு மாட்டியது அங்கே யாருக்கும் குற்றமில்லை. நம் ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்களே, அது மரத்துக்காகவா? அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவனே அதைப் போட்டு நடக்கக் கூடாது என்பது எந்தக் குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருந்தது? வெறும் வர்க்கக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தப் படத்தை ‘நம்ம கதை’ என்று தழுவுகிறவர்கள், பாதிக் கதையைத்தான் தழுவுகிறார்கள். ஓல்மியிடம் சாதியைத் தேடுவது அநியாயம். நம்மிடம் அதை மறக்கச் சொல்வது அதைவிட அநியாயம்.

அப்ப எதுக்கு இதைப் பார்க்கணும்? மொழிக்காக, முகத்துக்காக. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, பெர்கமோ பக்கத்து விவசாயிகள். பேசுவது இத்தாலிய ‘செந்தமிழ்’ இல்லை, பெர்கமோ நாட்டுப்பேச்சு. பள்ளிக்கூட இத்தாலியன் மட்டும் தெரிந்தவனுக்குப் புரியாது. ஓல்மியே பெர்கமோவில் பிறந்தவர்; பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்து எழுதி, தானே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது ‘இது என்ன கொச்சை’ என்று முகம் சுளித்த பண்டிதர்கள் உண்டு. அவர்களை உட்கார வைத்து இந்த மூணு மணி நேரத்தைக் காட்டணும்.

இங்கேதான் வட்டு விவகாரம் வருகிறது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2017இல் இந்தப் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதியை ப்ளூ-ரேவாகவும் டிவிடியாகவும் கொண்டுவந்தது. அதில் ரெண்டு ஒலித்தடம்: ஒன்று பெர்கமோ பேச்சு, இன்னொன்று இத்தாலியன். எந்தத் தடம் என்று பார்த்துப் போடுங்கள். இத்தாலியனில் ஓடவிட்டால் அந்த முகங்களின் வாயில் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை. ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். இந்த வட்டு அமெரிக்காவின் ஏ மண்டலத்துக்கு, இந்தியா சி. காசு கொடுத்து வாங்கினாலும் நம்ம ஊர்ப் பெட்டியில் ஓடாது. தட்டுக்கும் தீட்டு! பென்டிரைவில் சுற்றுகிற பிரதியைப் பார்த்துத் திருட்டு என்று கூச்சலிடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஆங்கில வரிகளைப் படித்துத்தான் நம் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் வரி எழுத யாராவது முன்வந்தால், பாத்திஸ்தியின் வாயில் ‘ஆகவே’, ‘தாங்கள்’ எல்லாம் போடவேண்டாம். ‘என்ன புள்ள, வலிக்குதா?’ என்று அவன் தன் பெண்சாதியிடம் கேட்கட்டும். எந்த வட்டாரத்துப் பேச்சு என்று சண்டை வரும். வரட்டும், உட்கார்ந்து பேசலாம்.