ஐம்பது என்றால் ஐம்பதுதான்

கார்ட்டூன் படங்களுக்காகச் செல்லுலாயிட் தாளில் தீட்டிய உருவங்களை, படப்பிடிப்பு முடிந்ததும் கழுவித் துடைத்து மறுபடி பாவிப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1938 இல் சான்பிரான்சிஸ்கோவின் கோர்வோசியே காட்சிக்கூடம் டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ தாள்களை விற்கத் தொடங்கிய பிறகே அவை சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் பொருளாயின. 1989 இல் வந்த ‘லிட்டில் மெர்மெய்ட்’டோடு அந்த நிறுவனத்தின் பெரிய முழுநீளப் படங்களில் கையால் நிறம் தீட்டும் காலம் ஓய்ந்தது. கணினியில் நிறமூட்டிய படத்துக்கு விற்க மூலத்தாள் ஏது? சேகரிப்போருக்கென்றே பட்டுத்திரையில் அச்சிட்டு எண்ணிட்ட படிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

நம் அச்சகக்காரர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு கோப்பிலிருந்து ஆயிரம் படிகள் எடுக்கலாம். ஐம்பதோடு நிறுத்துவேன் என்று கொடுக்கும் வாக்குக்குத்தான் வாங்குபவர் காசு தருகிறார். ஐம்பதில் ஏழாவது என்று பொருள்பட ‘7/50’ எனப் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டு, அளவைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு ஐம்பது அடிப்பது துரோகம். அதற்கு வேறு பெயர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியத்துக்குப் பல படிகள் எடுப்பதற்குக் கூடுதல் பொருளுண்டு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்த ஒற்றை மூலங்கள் என்னவாயின என்பதை நம் ஓவியக் குடும்பங்கள் அறியும். பத்து ஊர்களில் பத்துப் படிகள் இருந்தால் ஒன்றாவது தப்பும். இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து வரைந்த வீட்டு வரைபடங்களைக் கொண்டு ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ‘இன்கம்ப்ளீட் தோம்பு’வை நூலாகவே படைத்தார். அச்சில் பெருகுவதால் கலையின் மதிப்புக் குறையாது என்பதற்கு நம் மண்ணிலேயே அது சான்று.

எண்ணிக்கையைப் போலவே அச்சு முறையிலும் நேர்மை வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். பட்டுத்திரை அச்சில் மை தடித்த படலமாக நிற்கும். இன்க்ஜெட்டில் பொடிப்புள்ளிகள் சிதறியிருக்கும். இரண்டும் நல்ல முறைகளே. எது என்பதைச் சான்றிதழில் மறைக்காமல் எழுத வேண்டும். தாள் அமிலமற்ற பருத்தித் தாளாகவும், மை நிறமி மையாகவும் இருக்கட்டும். நம் கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய தாளில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே இடையில் மவுண்ட் அட்டை கட்டாயம்.

அனுமதி இல்லாமல் பிறர் படைத்த கார்ட்டூன் பாத்திரத்தை அச்சிடுவதை இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஏற்காது. ‘தழுவல்’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. மிக்கி மவுஸ் தோன்றிய ‘ஸ்டீம்போட் வில்லி’யின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 உடன் முடிந்ததே என்பார்கள். அது பதிப்புரிமை முடிந்த பழைய படங்களின் மிக்கிக்கு மட்டும். வணிகக் குறி இன்னும் டிஸ்னி நிறுவனத்திடமே உள்ளது. நம் இளம் ஓவியர்கள் சொந்தமாகப் பாத்திரங்களைப் படைத்தால் இந்தத் தலையிடியே இல்லை. அவர்களுக்கு முதல் பதிப்பைக் கடனுக்கு அடித்துக் கொடுக்க அச்சகங்கள் முன்வர வேண்டும்.

ஒவ்வொரு அச்சகமும் இந்த ஆண்டே ஒரு பதிப்பேடு திறக்க வேண்டும். படிகளின் எண்ணிக்கை, கலைஞருக்கென ஒதுக்கிய படிகள், பழுதாகிக் கிழித்தவை, கடைசியில் ஓவியர் முன்னிலையில் திரையைக் கழுவி அழித்த நாள் என எல்லாம் அதில் ஏறட்டும். அச்சகக்காரரும் ஓவியரும் கையொப்பமிட்ட பிறகே முதல் படி கடைவாசலைத் தாண்ட வேண்டும்.