வல்லூறு என்று எழுதுமுன்

நவீனத் தமிழ்க் கவிதையில் வல்லூறு படும் பாடு சொல்லி மாளாது. பிணம் தேடி வட்டமிடுவதும் ஏகாதிபத்தியமாய்ச் சிறகு விரிப்பதும் அதற்கு விதிக்கப்பட்ட வேலைகள். 1993இல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த புகைப்படத்தைக் குறிப்பிடும்போதும், குழந்தைக்குப் பின்னால் அமர்ந்திருப்பதை வல்லூறு என்றே சிலர் எழுதிவிடுகிறார்கள். அது பிணந்தின்னிக் கழுகு; பழந்தமிழில் பாறு. ஆங்கிலச் சொல்லும் 'வல்' என்று தொடங்குவதால் வந்த மயக்கமோ என்னவோ!

வல்லூறு புறாவளவே உள்ள வேட்டைப் பறவை. வைரி என்றும் பெயருண்டு. (வல்லூறு என்பதைப் பைரி முதலியவற்றுக்கு ஒதுக்குவோரும் உளர், அவையும் பிணந்தின்னிகள் அல்ல.) திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் தோப்புகளிலும் ஏரிக்கரை மரங்களிலும் பொறுமையுள்ளவர் இதைக் காணலாம். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பு மென்வரிகள். ஆணின் கண் சிவப்பு, பெண்ணுடையது மஞ்சள். உருவில் பெண்ணே பெரியது. இலைச்செறிவில் அசையாது அமர்ந்திருந்து, ஓணானோ சுண்டெலியோ கண்ணில் பட்டதும் தாழப் பாயும். குட்டைச் சிறகும் நீள வாலும் மரங்களுக்கிடையே சட்டென்று திரும்புவதற்கென்றே அமைந்தவை. கோடையில் காக்கைக்கூடு போன்ற சுள்ளிக்கூட்டில் மூன்று நான்கு முட்டைகள் இடும். அக்காக்குயில் தோற்றத்தில் ஏறக்குறைய இதன் நகல். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் அந்தக் குயிலுக்கு இந்த வேடம் உதவக்கூடும்.

திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதன் மரூஉ என்பர். ஊர்க்கோயில் இறைவனும் திந்திரிணீஸ்வரர்தான். நாற்கரச் சாலைக்காகச் சாலையோரப் புளியமரங்கள் வீழ்ந்தபோது அந்தப் பெயருக்கும் பொருள் குறைந்தது.

பெயர்க்குழப்பம் சிறு விஷயமல்ல. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் மருந்தால் 1990களில் பாறுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது 2006இல். தமிழகத்தில் இன்று அவை முதன்மையாக எஞ்சியிருப்பது முதுமலை, சத்தியமங்கலத்தை ஒட்டிய மோயாற்றுப் பகுதியில். வல்லூறோ ஊர்த்தோப்பிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியில் ஒன்று அழிவதை எப்படிச் சொல்வது? உயிரினங்களைச் சரியான பெயரால் எழுதவேண்டும் என்று சு. தியடோர் பாஸ்கரன் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். கவிஞர்கள் இன்னும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

பிணந்தின்னிதான் வேண்டுமென்றால் பாறு என்று எழுதலாமே, இரண்டே எழுத்து.