தலைக்கணக்கும் புத்தகப் பட்டியலும்

சென்ற 2025 நவம்பர் 19-ஆம் தேதி லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ‘மிகப் பெரிய தளம்’ என்று ஐரோப்பிய ஆணையம் தன்னை அறிவித்ததை எதிர்த்து அமேசான் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்ததைப் பற்றி இவ்விதழின் அபிப்பிராயம் என்ன என்று நூலகக் கொள்முதல் பொறுப்பாளர்களும், வெளிநாட்டுப் பழம்புத்தகங்களைத் தருவித்து விற்கும் அன்பர்களும் தொடர்ந்து கேட்டு எழுதிவருகிறார்கள். டிஜிட்டல் சேவைகள் சட்டமும் அதன் உடன்பிறப்பான டிஜிட்டல் சந்தைகள் சட்டமும் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்லவாகையால், அவற்றின் பூர்வோத்தரங்களை மீண்டும் விவரிக்காமல், இத்தீர்ப்பு நம் தொழிலுக்கு எதைத் தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

தீர்ப்பை வரவேற்கிறோம். வாங்குபவனின் பழக்கவழக்கங்களை வேவு பார்க்காமலும் சரக்கைக் காட்டும் ஒரு வழியைத் தளம் அளித்தாக வேண்டும் என்பதும், விளம்பரங்களின் களஞ்சியத்தை எவரும் பார்வையிடும்படி திறந்துவைக்க வேண்டும் என்பதும் நியாயமான நிபந்தனைகளே. அக்களஞ்சியக் கடமைக்கு 2023 செப்டம்பரில் இடைக்காலத் தடை வாங்கிய அந்த ஸ்தாபனம், 2024 மார்ச்சில் மேல்மன்றத்தில் அத்தடையை இழந்தது. இப்போது மூல வழக்கிலும் தோற்றிருக்கிறது. தீர்ப்பின்போது மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது என்றாலும், சந்தைத் தளங்களால் சமூகத்துக்கு ஆபத்தே இல்லை என்ற வாதம் நிற்காது என்று இனித் துணிந்து சொல்லலாம். பெர்லினில் பிறந்த ஸலாண்டோவும் தன்னைப் பற்றிய இதே போன்ற அறிவிப்பை எதிர்த்து அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, செப்டம்பர் 3-ஆம் தேதி, இதே மன்றத்தில் தோற்றதைச் சுட்டி, அமெரிக்க ஸ்தாபனத்துக்கு மாற்றாக வளரும் சொந்த நாட்டுக் கடையையே ஐரோப்பியச் சட்டம் நசுக்குகிறது என்று சிலர் புலம்புகிறார்கள். இப்புலம்பலில் நமக்கு உடன்பாடில்லை. மாற்றாக வருகிறவன் அதே குணங்களோடு வருவானானால், அவனை நாடிப் போவதில் யாருக்கு என்ன லாபம்?

புதிய புத்தகங்களைப் பொறுத்தவரை, மாற்றைத் தேடுவது இன்று கடினமான காரியமன்று. நெதர்லாந்தில் போல், பிரான்ஸில் ஃப்னாக், ஜெர்மனியில் டாலியா, போலந்தில் அலெக்ரோ என்று அந்தந்தத் தேசத்தில் வேரூன்றிய தளங்கள் இருக்கின்றன. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் புத்தக விலை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டிருப்பதால் பெரிய தளத்தில் மலிவு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. ஜெர்மானிய மொத்த வியாபாரிகளோ மாலையில் வந்த ஆர்டரை மறுநாள் காலையில் மூலைக்கடையின் வாசலில் சேர்த்துவிடும் நேர்த்தியைப் பல காலமாகக் கைக்கொண்டவர்கள். ஐ.எஸ்.பி.என். என்ற எண் ஒன்று கையில் இருந்துவிட்டால், எந்தக் கடையில் கேட்டாலும் அதே புத்தகம்தான் வரும். ஆகவே அந்தப் பகுதியை இத்துடன் விடுகிறோம்.

நம் விசாரமெல்லாம் அந்த எண் இல்லாத புத்தகங்களைப் பற்றியது. 1716-இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் லத்தீன் வழித் தமிழ் இலக்கணத்தையோ, கார்ல் கிரௌல் 1854 முதல் லைப்ஸிகில் வெளியிட்ட தமிழ் நூல் வரிசையின் ஒரு பாகத்தையோ தேடுகிறவனுக்கு எந்த எண்ணும் துணை வராது. அவனுக்குத் துணை வருவது, எங்கோ ஒரு சிற்றூரில் கடை வைத்திருக்கும் பழம்புத்தக வியாபாரி அப்பிரதியைக் கையில் எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, முகப்பேடு இருக்கிறதா என்று பார்த்து, தோல் பைண்டிங்கின் முதுகு வெடித்திருப்பதையும், ஓரங்களில் பழுப்புப் புள்ளி படர்ந்திருப்பதையும், உள்ளட்டையில் முன்னாள் உடைமையாளர் ஒருவரின் கையொப்பம் இருப்பதையும் குறித்து எழுதிவைக்கும் ஐந்தாறு வரி வர்ணனையே. அந்த வரிகள் விளம்பரமல்ல, அவை வித்தை. ஒரு பிரதிக்கும் இன்னொரு பிரதிக்கும் உள்ள பேதத்தை உலகத்துக்குச் சொல்லும் ஒரே சாசனம் அவைதாம். அவற்றைத் தொகுத்து வைத்திருப்பவன் எவனோ அவனே பழம்புத்தக உலகின் வாயிற்காப்போன் என்று இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வேறு பேச்சே இவர்களுக்கு இல்லையா என்று சிலர் சலித்துக்கொண்டதும் நாம் அறிந்ததே.

அந்த வாயில் எப்படிக் கைமாறியது என்பதைத் தேதிவாரியாகப் பார்த்தால், ஐரோப்பாவில் மாற்று இல்லை என்று இன்று சொல்லப்படுவதன் பொருள் விளங்கும். மாற்று இருந்தது, ஒன்றுக்கு மேற்பட்டும் இருந்தது. டுஸ்ஸல்டார்ஃபின் ஜஸ்ட்புக்ஸ் 2001-இலும், ஸ்பெயினின் இபர்லிப்ரோ 2004-இலும் கனடாவின் பழம்புத்தகத் தளமான ஏபிபுக்ஸின் கைக்குப் போயின. அந்த ஏபிபுக்ஸை 2008-இல் அமேசான் வாங்கிற்று. 1996-இல் ஜெர்மானியர் தமக்கென்று கட்டியெழுப்பிய, பழம்புத்தக வியாபாரிகளின் பொதுப் பேரட்டவணையாகவே விளங்கிய இஸட்.வி.ஏ.பி. என்ற தளம் 2011-இல் ஏபிபுக்ஸுக்குள் அடங்கிற்று. அதே 2011-இல், உலகெங்கும் தபால் செலவின்றிப் புத்தகம் அனுப்பிவந்த இங்கிலாந்தின் புக் டிபாஸிட்டரியை அமேசான் நேரடியாகவே வாங்க, அந்நாட்டுப் போட்டித்துறை அதிகாரிகள் அதற்கு இசைவளித்தார்கள். 2023 ஏப்ரலில் அக்கடையின் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டது. இசைவளித்தவர்களை அன்று எவரும் கூப்பிட்டு விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கைமாற்றங்களை ஏன் எவரும் தடுக்கவில்லை? ஐரோப்பிய இணைப்புக் கட்டுப்பாட்டு விதியின் பிரதான அளவுகோலின்படி, சேரும் ஸ்தாபனங்களின் உலக வருவாய் மொத்தமாக 500 கோடி யூரோவைத் தாண்டுவதோடு, அவற்றுள் குறைந்தது இரண்டுக்கேனும் ஒன்றியத்துக்குள் தனித்தனியே 25 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் இருந்தாக வேண்டும். பழம்புத்தகங்களின் அட்டவணை ஒன்று அத்தனை பணத்தை எந்த ஜன்மத்தில் ஈட்டும்? நீதிமன்றம் இப்போது உறுதிசெய்திருக்கும் அளவுகோலும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்: ஒன்றியத்துக்குள் மாதந்தோறும் 4 கோடியே 50 லட்சம் பேர் புழங்கினால் அது மிகப் பெரிய தளம். அந்த ஜாபிதாவில் அமேசான் கடை இருக்கிறது, ஸலாண்டோவும் இருக்கிறது, ஏபிபுக்ஸ் இல்லை. ஆபத்தைத் தலைக்கணக்கால் அளப்பதில் பிழையில்லை என்று மன்றம் சொல்லிவிட்டபடியால், ஒரு சிறிய தொழிலின் வாசல் ஏறக்குறைய முழுவதும் ஒரே கையில் இருந்தாலும், அத்தொழிலில் புழங்குவோர் சொற்பமாக இருக்கும் காரணத்தாலேயே, அதை ஆபத்தென்று எவரும் கருத வேண்டியதில்லை என்றாகிறது. தீர்ப்பை வரவேற்றுக்கொண்டே நாம் மனம் நோவது இதனால்தான்.

அந்தக் கை என்ன செய்யக்கூடும் என்பதற்கு அனுமானம் தேவையில்லை, அனுபவமே இருக்கிறது. 2018-இன் இறுதியில் ஹங்கேரி, செக் குடியரசு, ருஷ்யா, தென் கொரியா ஆகிய நாடுகளின் வியாபாரிகளை இனிச் சேர்த்துக்கொள்ள இயலாதென்று, பணப் பட்டுவாடா முறையில் வரும் மாறுதலைக் காரணம் காட்டி, ஏபிபுக்ஸ் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் வர்ணனை எழுதிச் சேர்த்தவர்கள் சில வாரக் கெடுவில் வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட தேசங்களைச் சேர்ந்த சுமார் 600 வியாபாரிகள் தங்கள் 30 லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்களைத் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். சில தினங்களுக்குள் அறிவிப்பு வாபஸாயிற்று. அந்த 600 பேரில் பலர் புடாபெஸ்டையோ பிராகையோ கண்ணால் கண்டிராதவர்களாகவும் இருக்கலாம்; சக தொழிலாளியின் வர்ணனைகள் ஒரே உத்தரவில் மறைவதைப் பொறுக்காமல் தங்கள் பிழைப்பை நிறுத்திவைத்தார்கள். அதை எண்ணும்போது இன்றும் நமக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் எந்த ஆணையமும், எந்த அமைச்சகமும் அவர்களுக்குத் துணை நின்று இதைச் சாதிக்கவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

அதிகாரவர்க்கம் எண்களையே நம்பியிருப்பதன் பலனைப் பிரான்ஸும் கண்டிருக்கிறது. ஐந்து சதவீதத் தள்ளுபடியோடு இலவசத் தபாலையும் சேர்த்துத் தரலாகாது என்று 2014-இல் அங்கே சட்டம் வந்ததும், அமேசான் தபால் கட்டணத்தை ஒரு சென்ட் ஆக்கிற்று. சட்டம் மீறப்படவில்லை, பயன்தான் கிடைக்கவில்லை. 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டர்களுக்கு 3 யூரோவாவது கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வர 2023 அக்டோபர் ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள்! அதற்குள் எத்தனை சிறுகடைக்காரர்கள் மனம் தளர்ந்திருப்பார்கள்?

சந்தைகள் சட்டத்தின் 14-ஆம் ஷரத்து, வாயிற்காப்பு ஸ்தாபனங்கள் இனி டிஜிட்டல் துறையில் எதை வாங்க எண்ணினாலும் ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கக் கட்டளையிடுகிறதே என்று சட்ட நண்பர்கள் சமாதானம் கூறலாம். தெரிவிப்பது வேறு, தடுப்பது வேறு. அளவுகோலுக்குக் கீழ்ப்பட்ட இணைப்புகளை, தங்களுக்கே அதிகாரமில்லாத உறுப்பு நாடுகள் ஆணையத்தின் விசாரணைக்கு அனுப்பிவைக்கும் வழியையும் 2024 செப்டம்பரில் இல்லுமினா வழக்கில் நீதிமன்றம் அடைத்துவிட்டது. நாளையே இன்னொரு சிறிய அட்டவணை விலைபோகுமானால், பிரஸ்ஸல்ஸில் ஒரு காகிதம் கோப்பில் சேருமே தவிர வேறென்ன நடக்கும்?

நம் நாட்டு அதிகாரிகளும் குற்றத்துக்கு அப்பாற்பட்டவர்களல்லர். நாம் கொள்முதல் பொறுப்பில் இருந்த காலத்தில், ஜெர்மானிய வியாபாரி ஒருவர் தம் கைப்படச் சரிபார்த்து அனுப்பிய அரிய பிரதி ஒன்றுக்கு, ‘பெரிய தளத்தில் இதே தலைப்பு குறைந்த விலைக்குக் காணப்படுகிறது’ என்று தணிக்கையில் ஆட்சேபம் எழுந்தது. அக்குறைந்த விலைப் பிரதியில் கடைசி இருபது பக்கங்கள் இல்லை; தளத்தின் வர்ணனையிலேயே அது சொல்லப்பட்டிருந்தது. அதை எடுத்துக் காட்டி எட்டு மாதம் விளக்கம் எழுதினோம். மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்ற விதியை உலகில் ஒரே ஒரு பிரதி விற்பனைக்கு வரும் நூலுக்கும் விதிப்பவர்கள், சட்டத்தின் துணையோடு நூலகங்களை அந்தப் பெரிய வாசலுக்கே விரட்டுகிறார்கள் என்பதை எத்தனையோ முறை எழுதியாயிற்று. பதில் ஒன்றும் வரவில்லை.

ஜெர்மானிய வியாபாரிகளின் கூட்டுறவு நடத்தும் ‘அன்டிக்வாரியாட்.டிஇ’, பிரான்ஸின் ‘லிவ்ர் ரார் புக்’, சர்வதேசப் பழம்புத்தக வியாபாரிகள் சம்மேளனத்தின் சொந்தத் தேடுதளம் ஆகியவை இன்றும் வியாபாரிகளின் பக்கம் நிற்கும் வாசல்கள். பெரிய தளத்தில் ஒரு பிரதியைக் கண்டாலும், விற்பவரின் பெயரைக் குறித்துக்கொண்டு அவருக்கே கடிதம் எழுதிக் கேளுங்கள். அவர்களில் மிகப் பலர் மகிழ்ச்சியோடு நேரில் பில் அனுப்புவார்கள், தளத்துக்குக் கட்டும் கமிஷனில் ஒரு பங்கை விலையில் குறைத்துக்கொள்வதும் உண்டு. வர்ணனை எழுதும் அன்பர்கள் எந்தத் தளத்தில் ஏற்றினாலும், மூலத்தைத் தம் கணிப்பொறியில் வைத்துக்கொள்வதோடு கூட்டுறவுத் தளமொன்றிலும் ஏற்ற வேண்டும். அடுத்த இதழிலிருந்து நம் ‘கிடைக்கும் பிரதிகள்’ பகுதியில் வியாபாரியின் சொந்த முகவரியும் கூட்டுறவுத் தளத்தின் இணைப்பும் மட்டுமே அச்சாகும். தணிக்கை ஆட்சேபங்களைச் சந்தித்துள்ள நூலகர்கள் அவற்றின் நகலை நமக்கு அனுப்பிவைத்தால், ஒற்றைப் பிரதி நூல்களுக்கு விலைப்புள்ளி விதியிலிருந்து விலக்குக் கோரும் விண்ணப்பத்தோடு இணைத்து, மார்ச் மாதத்துக்குள் உரியவர்களிடம் நேரில் சமர்ப்பிப்போம்.