விமானிகள் சண்டை: ரெண்டு கம்பெனி, ஒரே காக்பிட்!

கோம்பை, உத்தமபாளையம் ஆட்கள் வெளியூர் பறக்க வேண்டுமென்றால் மதுரைக்கோ கொச்சிக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். நடுராத்திரி கார் பிடித்துப் போய் நிற்கையில் "விமானம் ரத்து" என்றால் எப்படி இருக்கும்? 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானப் பயணிகள் பலருக்கு இந்தக் கதிதான்!

திடீர் லீவு

சர்க்காரிடமிருந்து ஏர் இந்தியாவை டாடா கம்பெனி 2022 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. தன் இன்னொரு கம்பெனியான விஸ்தாராவை அதோடு சேர்க்க முடிவு செய்தது. சேருவதற்கு முன்பே விமானிகளிடம் புது சம்பள ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாதச் சம்பளம் 40 மணி நேரமாகச் சுருங்கியது. சீனியாரிட்டி என்னாகுமோ என்ற பயம் வேறு. பலர் "உடம்பு சரியில்லை" என்று லீவு போட்டார்கள். கம்பெனி தினம் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்தது.

பழைய பாடம்

இது புதுசல்ல. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. போர்டு ஒன்றானது, விமானிகள் ஒன்றாகவில்லை. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு சுமார் 10 நாள் ஸ்டிரைக். 2012-ல் எதிர்த்தரப்பின் முறை. "புது ட்ரீம்லைனர் பயிற்சியை அவர்களுக்கும் கொடுப்பதா?" என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. சுமார் 100 பேருக்கு வேலை போனது.

ஏன் இந்தப் பிடிவாதம்?

விமானிக்கு சீனியாரிட்டிதான் சொத்து. பட்டியலில் பத்து இடம் இறங்கினால் கேப்டன் பதவி, பெரிய விமானம் எல்லாமே தள்ளிப்போகும்.

அடுத்தது பழக்கம். தனியார் பஸ்ஸில் இருபது வருஷம் ஓட்டினவர் சர்க்கார் பஸ்ஸுக்கு வந்தால் ரோடு அதேதான். டெப்போ சட்டம் வேற. விமானத்திலும் அப்படித்தான். எந்தக் கட்டத்தில் யார் என்ன சொல்ல வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பத்தாயிரம் மணி பறந்த கேப்டனும் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து, சிமுலேட்டரில் தேற வேண்டும்.

"எங்க கம்பெனியில இப்படித்தான்" என்ற வீம்பும், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் காக்பிட்டுக்கு ஆகாது. 1977-ல் டெனரிஃபே விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் பலியானார்கள். முன்னால் விமானம் நிற்கிறதோ என்று இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். சீனியர் கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் எது?

2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா பெயர் மறைந்து ஏர் இந்தியாவோடு கலந்தது. விமானத்துக்குப் புது பெயிண்ட் அடிப்பது சுலபம். சீனியாரிட்டி பட்டியலையும் சம்பளத்தையும் முதலிலேயே பேசி எழுத்தில் கொடுத்துவிட்டு, பிறகு கம்பெனிகளைச் சேர்ப்பதுதான் முறை. 2007-ல் அதைச் செய்யவில்லை. அடுத்த ஐந்து வருஷத்துக்குள் இரண்டு ஸ்டிரைக்! விமானிகளும் நிர்வாகமும் மோதிக்கொண்டார்கள். பெட்டியோடு நடுவழியில் நின்றது டிக்கெட் வாங்கிய ஜனங்கள்தான்.