காய்ச்சல் விட்டாச்சு... ஸ்டியரிங் பிடிக்க மூளை ரெடியா?

"காய்ச்சல் விட்டுடுச்சுங்க. நாளைக்கு வண்டி எடுத்துரலாமுங்களா?" நாமக்கல் லாரி ஆபீஸ்களுக்குப் பழக்கமான கேள்வி இது. உடம்பு சூடு இல்லை என்றால் லோடு ரெடி. தலை தெளிவாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

என்ன பிரச்சினை?

வைரஸ் காய்ச்சலில் இருந்து மீண்ட சிலருக்கு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட மூளை மந்தமாகவே இருக்கும். 'பிரெயின் ஃபாக்' என்பது இதைத்தான். இது வெறும் மறதி இல்லை. திட்டமிடுவது, இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைப்பது, கவனத்தைச் சட்டென மாற்றுவது என மூளையின் 'மேனேஜர்' வேலையே தடுமாறும்.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி லோடு லாரியை இறக்குபவருக்கு கியர், பிரேக், கண்ணாடி, முன்னால் போகும் வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். அங்கே ஒரு நொடி தாமதமும் பெரிய விஷயம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

2024 பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வெளியானது. சுமார் 1.13 லட்சம் பேர் ஆன்லைனில் மூளைத்திறன் தேர்வை முடித்தார்கள். கொரோனா வராதவர்களைவிட, வந்து குணமானவர்கள் சராசரியாக 3 ஐக்யூ புள்ளிகளுக்குச் சமமான அளவு பின்தங்கினார்கள். தொந்தரவு நீடித்தவர்களுக்கு இது 6, ஐசியூ வரை போனவர்களுக்கு 9.

இது சராசரிதான், எல்லோருக்கும் இப்படி ஆகாது. நல்ல செய்தியும் உண்டு. நீண்ட நாள் தொந்தரவு பிறகு சரியானவர்கள், சீக்கிரம் குணமானவர்களுக்கு இணையாகவே தேர்வு எழுதினார்கள்.

அப்புறம் ஏன் ஓடுகிறார்கள்?

வண்டி ஓடினால்தான் பேட்டா. இஎஸ்ஐ-யில் இருப்பவருக்கு, தகுதி இருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70% கிடைக்கும். டிரிப் கணக்கில் ஓட்டும் பலர் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். "தலை ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் வாயைத் திறப்பதில்லை. இது டிரைவரின் அலட்சியம் இல்லை, ஏற்பாட்டின் கோளாறு.

என்ன செய்யலாம்?

முதல் சில வாரங்களுக்குக் கிட்டத்து டிரிப், பகல் ஓட்டம், கூட இன்னொரு டிரைவர். ஓனர்கள் இதையே வழக்கமாக்கினால் யாரும் மறைக்க வேண்டியதில்லை. சேலம் ஐடி ஆபீஸ்களுக்கும் இதே கணக்குதான்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, எழுதி வைத்த பட்டியல், நடுவே ஓய்வு, போதுமான தூக்கம்.

மந்தம் விலகாவிட்டால் டாக்டரைப் பாருங்க. ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றிலும் இதே தொந்தரவு வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பட்டறையில் இருந்து வரும் லாரியைக்கூட டிரையல் ஓட்டிப் பார்த்துத்தான் லோடு ஏத்துறாங்க. அதை ஓட்டுற ஆளுக்கும் அந்த டிரையல் வேணும்.