பள்ளி திறக்கும் முன் பார்க்க வேண்டியவை



2021 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறக்கப்படும் என்ற அறிவிப்பை மனமார வரவேற்கிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள் இவை. இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியாகப் பள்ளிக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பையே முடித்திருக்கவில்லை. அரசின் கல்வித் தொலைக்காட்சி உதவியது உண்மைதான். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதப் பழக்க ஆசிரியரால்தான் முடியும். ஆகவே முதல் நாளே பாடநூலைத் திறக்காமல், சில வாரங்கள் கதை, பாட்டு, எழுத்துப் பயிற்சி என்று போகட்டும்.

கல்வி மாவட்ட அதிகாரிகள் இந்த வாரமே ஒவ்வொரு பள்ளியையும் நேரில் பார்க்க வேண்டும். கழிப்பறைகள் சுத்தமாக உள்ளனவா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத பள்ளியில் கை கழுவச் சொல்லிப் பயனில்லை. பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். இனி முதல் நாளிலிருந்தே முட்டையுடன் சூடான சத்துணவு கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வராத பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும். குடும்பக் கஷ்டத்தால் வேலைக்குப் போன பையன்களும், கல்யாணப் பேச்சில் சிக்கிய பெண்பிள்ளைகளும் தாமாகத் திரும்பி வரமாட்டார்கள். ஆசிரியர்களும் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்களும் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்ல அரசு உடனே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்,
திண்டிவனம்.