‘நிலுவையில் இருக்கிறது’ என்றால் மறுப்பு என்றே பொருள்

பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிறவரிடம் யாரும் ‘தரமாட்டோம்’ என்று சொல்வதில்லை. ‘விசாரணையில் இருக்கிறது’, ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’, ‘அடுத்த வாரம் வாங்க’ என்கிறார்கள். அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடுகிறது. மறுப்பு எழுத்தில் இல்லாததால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்று எழுதிப் பழகிவிட்டோம். இதே மாவட்டத்துப் படப்பையைச் சேர்ந்த மலைக்குறவர் சமூகத் தந்தை ஒருவர், பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்து, 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். இந்த ஊர்ச் சேலை அசல்தான் என்று சொல்லப் புவிசார் குறியீடு இருக்கிறது. அவர் பிள்ளை யாரென்று சொல்ல ஒரு காகிதம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் சான்றிதழ் தருகிறார். பழங்குடியினருக்குத் தரும் அதிகாரம் 1989 நவம்பரில் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. போலிகளைத் தடுக்கவே இந்தக் கெடுபிடி என்பார்கள். போலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்டவர்களிடம் தாத்தா காலத்துப் பட்டாவையும் பள்ளிச் சான்றையும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

‘ஒரு வருஷம்தானே, அடுத்த முறை சேரலாம்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். வசதியான வீட்டில் அந்த ஒரு வருடம் கோச்சிங் வகுப்பில் கழியும். நம் வீடுகளில் பையன் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். முதல் மாதச் சம்பளம் வீட்டுக் கடனில் கரைந்தபின் கல்லூரிக்குத் திரும்புவது எளிதல்ல. ‘பொதுப்பிரிவில் சேர்ந்துகொள்’ என்பதும் உதவாத யோசனை. கல்வி உதவித்தொகைக்கும் அதே சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் போலிகளைப் பிடிக்கும் தீர்ப்பாகவே அதிகாரிகள் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு நெறிமுறையும் உண்டு: விசாரணை தாமதமாகி, சேர்க்கையின் கடைசி நாள் நெருங்கினால், ஏற்கெனவே தரப்பட்ட சான்றிதழையோ பெற்றோர் அல்லது மாணவரின் பிரமாணப் பத்திரத்தையோ வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விசாரணை முடிவுக்கு அந்தச் சேர்க்கை கட்டுப்படும். அவ்வளவுதான்.

எனவே விண்ணப்ப எண்ணையும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து, தற்காலிகச் சேர்க்கை கேட்டு முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். வாய்ப்பேச்சை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் மனு பதிவாகட்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

‘கடைசித் தேதி முடிந்துவிட்டது’ என்பதும் தெய்வ வாக்கு அல்ல. 17,500 ரூபாய் கட்டணத்தைக் குறித்த நேரத்துக்குள் செலுத்த முடியாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்த உத்தரப்பிரதேச தலித் மாணவர், சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து பார்த்தார். கடைசியில் 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. கூலித் தொழிலாளியின் மகன் ஓர் இடத்துக்காக டெல்லிவரை போக வேண்டியிருந்தது என்பதை வெற்றிக் கதையாக மட்டும் பகிர்வது எனக்கு உறுத்துகிறது.

அலைச்சலைக் குடும்பத்தின் தலையில் விட்டுவிட்டு நாம் இரங்கல் பதிவு எழுதிக்கொண்டிருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மே மாதத்தில் நம் மாணவர் அமைப்புகள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை போடலாம். மனு எழுதத் தெரிந்த இருவர், நோட்டரிக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம், அந்த 1994 தீர்ப்பின் நகல்கள் போதும்.